சுபம் போட்டே ஆகணுமா?

பிள்ளையார்பட்டியில் ‘சீக்கிரம் கல்யாணம் கூடி வரணும்’னு கற்பக விநாயகரிடம் வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கேட்பது யாரிடம்? கட்டை பிரம்மச்சாரியிடம்! வடக்கே அவருக்கு சித்தி, புத்தி என இரண்டு மனைவிகள். நம்ம ஊரில் தனி ஆள். அதனால் அவர் கதை பாதியில் நிற்கிறது என்று நாம் யாரும் புலம்புவதில்லை.

அந்தப் பெருந்தன்மை நாவல் படிக்கும்போது மட்டும் எங்கே போகிறது? 1954-ல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்ததும், ‘அப்புறம் என்னாச்சு?’ என்று வாசகர்கள் கேட்க, கல்கி தனியாக முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. வந்தியத்தேவனின் தேவி குந்தவை என்பதற்குத் தஞ்சைக் கல்வெட்டே சாட்சி. சரி, அவன் மடியில் உயிரை விட்ட மணிமேகலை? அவளுக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தால், இன்றைக்கு யார் அவளை நினைத்துக் கண் கலங்கப் போகிறார்கள்?

ஜோடி சேர்ப்பது கல்யாணத் தரகர் வேலை சார். கதை எழுதுகிறவரை விட்டுடுங்க!