கதவு எண் இல்லாத வாக்காளர்கள்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முகவரிச் சான்று வேண்டும். வீடே இல்லாதவர் என்ன செய்வார்? தேர்தல் ஆணையம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த நடைபாதையை அவர் தன் இடமாகச் சொல்கிறாரோ, அங்கே வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்த்தால் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள். அந்த ஆள் அங்கேதான் படுத்துத் தூங்குகிறார் என்று கண்ணால் கண்டுவிட்டால், வேறு எந்தக் காகிதமும் கேட்கக் கூடாது.

நம் அரசு விதிகளில் இவ்வளவு மரியாதையான விதி அபூர்வம். தூங்குவதே சான்று. ஆனால் அதே நடைபாதைக்கு, அதே ஆளைத் தேடி, அரசின் இன்னொரு கை வண்டியோடு வரும். தார்ப்பாய், பாத்திரம், சில சமயம் பிள்ளையின் பள்ளிப் பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். ஓட்டுக்கு முகவரியாகச் செல்லுபடியாகிற இடம் மற்ற எல்லாவற்றுக்கும் ஆக்கிரமிப்பு.

சென்னையில் இது ஊரின் ஓரத்தில் நடப்பதில்லை, நட்டநடுவில் நடக்கிறது. பாரிமுனை, பூக்கடை, என்.எஸ்.சி. போஸ் சாலை, தங்கசாலை, யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை. ஒரு பக்கம் உயர் நீதிமன்றம், மறுபக்கம் சென்ட்ரல் ரயில் நிலையம், நடுவே நகரத்தின் மொத்த வியாபாரம். மூன்று நான்கு தலைமுறைகளாக நடைபாதையிலேயே வாழ்ந்துவரும் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. தாத்தா படுத்த அதே கடை வாசலில் பேரன் படுக்கிறான். ‘எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவர்கள்’ என்று இவர்களைப் பேசுகிறவர்களில் பலர், இவர்களுக்குப் பிறகு சென்னைக்கு வந்தவர்களாகவே இருப்பார்கள்.

பகலில் அந்தத் தெருக்களில் நடக்கிறவருக்கு இந்தக் குடும்பங்கள் கண்ணில் படுவதில்லை, அவர்கள் வேலையில் இருப்பார்கள். மூட்டை தூக்குவது, மூன்று சக்கர வண்டி மிதிப்பது, பத்ரியன் தெருவில் பூ வாங்கிக் கட்டி விற்பது, கடைகள் வெளியே எறியும் அட்டைப்பெட்டியைப் பொறுக்கிக் காயலான் கடையில் போடுவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குவது. கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் பாய் விரியும். காலையில் ஷட்டர் ஏறுவதற்குள் பாயைச் சுருட்டி மூட்டையாக்கிச் சுவரோரம் வைத்துவிட வேண்டும். குளிக்க விடியுமுன் இருட்டு, கழிப்பறைக்குக் கட்டணம், குடிநீருக்குத் தெருக்கோடிக் குழாய். வயதுக்கு வந்த பெண் இருக்கும் குடும்பத்தில் யாராவது ஒருவர் முழு இரவும் தூங்குவதில்லை.

கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. சந்தையை லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடிந்தது. அதை நம்பிச் சாலையில் வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. சிலர் சந்தையின் பின்னே போனார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே வேறு வேலைக்கு மாறினார்கள். எப்படிப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்: வேலை இருக்கும் இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் படுக்கை இருக்க வேண்டும். விடிகாலை நான்கு மணிக்குப் பூ எடுக்க வேண்டிய பெண்ணுக்கு வாடகைக்குக் கட்டுப்படியாகிற அறை அந்தத் தூரத்துக்குள் கிடைக்காது; நடைபாதை கிடைக்கும்.

இந்தக் கணக்கை நாட்டின் உச்ச நீதிமன்றமே நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொண்டது. 1981இல், கொட்டும் மழைக்காலத்தில், பம்பாய் நடைபாதைவாசிகளைப் பெயர்த்தெடுத்து ஊருக்கு அனுப்ப மகாராஷ்டிர முதல்வர் அந்துலே உத்தரவிட்டார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். 1985 ஜூலையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. இந்தத் தீர்ப்பைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதன் மறுபாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை, முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. பிழைக்க உரிமை உண்டு, படுக்க இடம் இல்லை.

அதே காலத்தில் சென்னை நடைபாதைவாசிகளுக்காகவும் ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. ‘கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு’ என்று அதற்குப் பெயர். 1971ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டத்தையும் தமிழக அரசின் கொள்கையையும் பார்த்த நீதிமன்றம், பரிவான கொள்கை என்று பாராட்டியது. நடைபாதைவாசிகள் நலனிலும் இந்த அக்கறை தொடரும் என நம்பிக்கை தெரிவித்தது. நீதிமன்றத்தின் நம்பிக்கைக்கும் நாற்பது வயதாகிறது.

அக்கறையே இல்லை என்று சொன்னால் அது பொய். 2009 டிசம்பர் குளிரில் டெல்லி மாநகராட்சி பூசா சாலையிலிருந்த தற்காலிகக் காப்பகத்தை இடித்துத் தள்ளியது. அதையொட்டி 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருப்பது கட்டாயம் என்றது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதையே திட்டமாக்கியது. ஒருவருக்கு 50 சதுர அடி இடம், ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே கட்டிடம் என்று வழிகாட்டி நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. எழுதியவருக்குத் தெருவைத் தெரிந்திருக்கிறது.

மற்ற பல ஊர்களோடு ஒப்பிட்டால் சென்னை மாநகராட்சி இதைச் சிரத்தையாகவே செய்திருக்கிறது. தொண்டு நிறுவனங்களின் கையில் நிர்வாகத்தைக் கொடுத்து ஆண்கள், பெண்கள், குழந்தைகள், முதியோர், மனநலம் குன்றியோர் என்று தனித்தனியாகக் காப்பகங்கள் நடக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் நோயாளியுடன் வந்து வெளியே துண்டை விரித்துப் படுத்துக்கிடந்தவர்களுக்கும் காப்பகங்கள் உண்டு. நல்ல வேலை, மறுப்பதற்கில்லை. எண்ணிக்கை ஐம்பதை ஒட்டி இருக்கிறது. விரிவாக்கப்பட்ட மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்குப்படியே 66 லட்சத்துக்கு மேல் மக்கள். நெறிமுறையின்படி அந்தக் கணக்குக்கே பதினைந்து காப்பகங்களாவது குறைகின்றன.

குறைவதைக் கட்டிவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. காப்பகம் தனியாளுக்கான ஏற்பாடு. கணவன் ஒரு கட்டிடம், மனைவி இன்னொரு கட்டிடம், பதின்மூன்று வயது மகன் மூன்றாவது கட்டிடம் என்று பிரிந்து படுக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? மூன்று சக்கர வண்டியை எங்கே நிறுத்துவது? பூக்கூடை, பழைய அட்டை, அடுப்பு? ‘கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறார்கள்’ என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வது வழக்கம். வராததில் வியப்பில்லை. தூங்குவதற்கு மட்டும் இடம் கேட்டவர்கள் அல்லர் இவர்கள். குடித்தனம் நடத்த இடம் வேண்டும்.

குடித்தனத்துக்கு அரசு காட்டிய இடம் தெற்கே வெகுதூரம். 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பூக்கடையிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது 2021இல் வந்த பெரிய நிம்மதி. ஆனால் பேருந்து எடுத்துக்கொள்ளும் நேரத்தை யார் இலவசமாகத் தருவது? நான்கு மணிப் பூவுக்கு எந்தப் பேருந்து? வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் அதைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்பி வந்ததை நன்றிகெட்டத்தனம் என்று பேசுகிறவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள்.

நகரம் விருந்தாளியை எதிர்பார்க்கும்போது இந்தக் கதை இன்னும் மோசமாகிவிடும். 2017 நவம்பரில் உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்கு இவாங்கா டிரம்ப் வருகிறார் என்று ஹைதராபாத்தில் பிச்சை எடுப்பதைக் காவல்துறை தடை செய்தது; தெருவிலிருந்தவர்களைப் பிடித்துச் சிறை வளாகத்துக் காப்பகங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜி-20 மாநாடு நடந்த 2023இல், டெல்லி சராய் காலே கான் பகுதியிலிருந்த இரவுக் காப்பகம் பிப்ரவரியில் இடிபட்டது. நடைபாதையிலிருந்து காப்பகத்துக்குப் போங்கள் என்றார்கள். போனவர்களுக்குக் காப்பகமும் போயிற்று. இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமலும் காரியம் நடக்கும். மேம்பாலத்தின் அடியில் கம்பிவேலி போட்டுச் செடி நட்டுச் சுவரில் ஓவியம் வரைந்தால் போதும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அங்கே படுத்தவர் எங்கே போனார் என்பது ஓவியத்தில் இருக்காது.

அமெரிக்காவில் இதைவிடக் கறாரான வழி கண்டிருக்கிறார்கள். ஓரிகான் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறு நகரம், பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் என்றது. மீறி மீண்டும் படுத்தால் சிறை வரை போகலாம். வீடில்லாதவருக்கு அபராதம் விதிப்பது கொடுமையான தண்டனை ஆகாதா என்ற வழக்கில், ஆகாது என்று 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வாடகைக்குப் பணமில்லாதவரிடம் 295 டாலர் கேட்கும் தர்க்கத்தை விளங்கிக்கொள்ளச் சட்டப் படிப்பு தேவைப்படும்போலும்.

பின்லாந்து நேர் எதிர்த் திசையில் போனது. 2008இல் தொடங்கிய திட்டத்தின்படி, முதலில் வீடு, மற்றது பிறகு. குடியை விட்டுவிட்டு வா, வேலை தேடிக்கொண்டு வா என்ற நிபந்தனை கிடையாது. ஹெல்சின்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய தங்கும் விடுதியையே தனித்தனி வீடுகளாகப் பிரித்துக் கட்டி, தங்கியிருந்தவர்களோடு வாடகை ஒப்பந்தம் போட்டார்கள். பணக்கார நாடு, குளிர் நாடு, நம்மால் முடியுமா என்று கேட்கலாம். சென்னை எடுத்துக்கொள்ள வேண்டியது பின்லாந்தின் பணத்தை அல்ல, அந்த ஒப்பந்தத்தை. தன் பெயர் எழுதிய ஒரு வாடகைச் சீட்டு இருந்தால் ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு எல்லாம் தானாகப் பின்னால் வரும்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. காலையில் கடை திறக்கிற வியாபாரிக்கு வாசல் அசுத்தம் உண்மையான தொல்லை. நடைபாதையில் நடக்க முடியாமல் சாலையில் இறங்குகிற முதியவருக்குப் பின்னால் ஆட்டோ வருவதும் உண்மை. தெருவில் திரிபவர்களில் மனநோயால் வீட்டை மறந்தவர்களும் இருக்கிறார்கள். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு அப்படிப்பட்ட பெண்களுக்காகவே பிறந்தது. அவர்களுக்கு முதல் தேவை சிகிச்சை. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அந்தப் பொறுப்பைக் காவல்துறைக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. பூக்கடையில் நான்காம் தலைமுறையாக வாழும் குடும்பத்தின் தேவை அதுவல்ல. எல்லோரையும் ‘வீடற்றோர்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் மருந்து வேண்டியவருக்கு லத்தியும், வீடு வேண்டியவருக்கு உணவுப் பொட்டலமும் போய்ச் சேர்கின்றன.

வடசென்னையில் இடமில்லை என்ற பதிலை இனி நம்ப முடியாது. மூலக்கொத்தளத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2021 வரை குடிசை மாற்று வாரியமாக இருந்ததுதான், நகருக்குள் இருக்கும் தன் பழைய குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்டிவருகிறது. அப்படிக் கூடும் வீடுகளில் ஒரு பங்கை, நடந்துபோகும் தூரத்தில் உள்ள நடைபாதைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். விற்க வேண்டாம்; பயனாளி பங்குத்தொகை என்று மொத்தமாகப் பணம் கேட்கும் இடத்தில்தான் இவர்கள் வரிசையிலிருந்து விழுகிறார்கள். அவர்களால் தர முடிந்த சிறு வாடகைக்கு விடட்டும். கீழ்த்தளத்தில் மூன்று சக்கர வண்டிக்கும் பூக்கூடைக்கும் இடம் விடட்டும். வீடு தயாராகும் வரை, சாமான்களை அள்ளும் வண்டி அந்தத் தெருக்களுக்குள் வரக் கூடாது.

யார், எத்தனை பேர் என்ற பட்டியல் இல்லையே என்று சாக்குச் சொல்ல வாய்ப்புண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே ஓர் இரவு இருக்கிறது. கடைசியாக அது நடந்தது 2011 பிப்ரவரி 28. நாடு முழுவதும் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அன்று எண்ணினார்கள். 2021இல் வரவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐக் கணக்கீட்டு நாளாக அறிவித்திருக்கிறார்கள். வழக்கப்படி என்றால் அதற்கு முந்தைய இரவு கணக்காளர்கள் டார்ச் விளக்கோடு பூக்கடைக்கு வருவார்கள். மாநகராட்சி அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வாரம், இரவு பத்து மணிக்கு மேல், வாக்குச்சாவடி அலுவலர் செய்வதைச் செய்தால் பட்டியல் கையில் இருக்கும்.