எது முதலில்?

நம் நீலசந்திராவிலிருந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் சகோதரிகள் ஒன்றை நன்கறிவர். பழுதுபட்ட சட்டைகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தால், மேற்பார்வையாளர் வாயினின்று முதலிற் புறப்படும் வினா, ‘யார் தைத்தது?’ என்பதே. ‘எந்தப் பழுது மிகுதி?’ என்று கேட்பவர் அரியர். இவ்விரண்டாம் வினாவுக்கு விடை தரும் எளிய கருவி ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதப் புகுகின்றோம்.

அதனைப் பரேட்டோ படம் என்பர். பழுதுகளை வகைபிரித்து எண்ணி, மிகுதியானதை இடப்பக்கம் உயர்ந்த பட்டையாகவும், குறைந்தவற்றை இறங்குவரிசையிலும் வரைவதே அது. சில்லறைப் பழுதுகள் ‘மற்றவை’ என்ற பெயரில் இறுதியில் நிற்கும்.

வில்பிரெடோ பரேட்டோ (1848–1923) என்னும் இத்தாலியப் பொருளியலறிஞர், செல்வம் சிலர் கையிற் குவிந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர். தொழிற்சாலைப் பழுதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னாரல்லர். அவர் பெயரை இதற்குச் சூட்டியவர் ஜோசப் ஜுரான். 1904-இல் ருமேனியாவிற் பிறந்து, 1912-இல் குடும்பத்துடன் அமெரிக்காவிற் குடியேறி, வறுமையில் வளர்ந்தவர் அவர். பிழைப்பு நாடி ஊர் மாறிய நம்மனோர்க்கு அவர்பால் ஒரு தனிப்பற்று உண்டாவது இயல்பே! காரணங்கள் பலவாயினும் சிலவே பெரும்பகுதி இழப்பை விளைவிக்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. அப்பெயர் சூட்டியது பொருந்தாது என்று 1975-இல் அவரே எழுதினார், பெயரோ நிலைத்துவிட்டது.

1954-இல் ஜுரான் ஜப்பான் சென்று கற்பித்தார். 1962 முதல் அந்நாட்டுத் தொழிலாளரே குழுக்களாகக் கூடி, இத்தகைய படங்களை வரையலாயினர். தரத்திற்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 1998-இல் சென்னைப் பாடியின் சுந்தரம்-கிளேட்டன் நிறுவனமும், 2002-இல் நமக்கு அண்மையிலுள்ள ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றன.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் கற்பித்துக்கொள்வோம். பழுதான சட்டைகள் 200. தையல் விடுபட்டவை 88, எண்ணெய்க்கறை பட்டவை 56, நூற்பிசிறு 22, பொத்தான் கோணல் 14, அளவு பிழைத்தவை 8, மற்றவை 12. முதலிரண்டு மட்டுமே 144, அதாவது நூற்றுக்கு 72. எண்ணெய்க்கறை தையற்பொறியிலிருந்து சொட்டுவது. அதற்குத் தைப்பவளைக் கடிந்து பயனென்ன? எந்தப் பொறி, எந்த வேளை என்று கறைகளை மீண்டும் பிரித்து எண்ணினால், அழைக்க வேண்டியவர் பொறி பழுதுபார்ப்பவர் என்பது தெளிவாகும். அவ்வளவு நாளும் வசவு வாங்கியவளோ வேறொருத்தி.

ஆயினும் படம் நம்மை ஏமாற்றவும் கூடும். விடுபட்ட தையலை மீண்டும் தைக்கச் சட்டைக்கு 10 ரூபாய் என்று வைத்தால் 880 ரூபாய். கறை நீக்க 15 ரூபாய் வீதம் 840. அளவு பிழைத்த சட்டையோ திருத்தத் தகாதது. ஒன்றுக்கு 300 ரூபாய் வீதம் எட்டுக்கு 2,400 ரூபாய் நட்டம். எண்ணிக்கையிற் கடைசியில் நின்றது பண வரிசையில் தலைமை ஏற்கிறது! எதைக் கொண்டு அளப்பது என்று முடிவு செய்யாமல் பட்டை வரையப் புகுவது வீண்வேலை.

பணத்தாலும் எண்ணிக்கையாலும் அளக்கலாகாதது ஒன்றுண்டு. முறிந்த ஊசியின் நுனி குழந்தைச் சட்டையொன்றில் தங்கிவிடின், அது 200-இல் ஒன்றே, ‘மற்றவை’க்குள் மறைந்துவிடும். ஒழுங்காக நடக்கும் ஆலைகளில் இதைப் படத்திற்கு விடுவதில்லை. ஊசி முறிந்தவுடன் பொறியை நிறுத்தி, துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்து, ஏட்டில் ஒட்டிக் காட்டிய பின்னரே புது ஊசி தருகின்றனர்.