விருப்பம் பிழைப்பாக வேண்டுமா?

தியானப் பகுதி: 1 சாமுவேல் 16:14-23, அப்போஸ்தலர் 18:1-5, கொலோசெயர் 3:22-24





தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களிலும், ஒப்பந்த வேலை முடிந்து ஒரு வாலிபன் வீட்டில் இருக்கும் நாட்களிலும், நம் குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் எழுவதுண்டு. "எனக்குப் பிடித்ததையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன்" என்கிறான் மகன். "பிடித்தது சோறு போடுமா?" என்கிறார் தகப்பனார். அந்தப் பிடித்தது கீபோர்டு வாசிப்பாக இருக்கலாம். புகைப்படம் எடுப்பதாக இருக்கலாம். மகளுக்கானால் கேக் செய்வதாகவோ தையலாகவோ இருக்கலாம். பிள்ளைகள் அதைக் "கனவு வேலை" என்கிறார்கள். ஆலத்தியூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வளர்ந்த பெற்றோருக்கோ, இரவு ஷிப்டானாலும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிற சிமென்ட் ஆலை வேலைதான் வேலை.

இருவருமே வேதத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். தாலந்தை நிலத்தில் புதைத்தவனுக்கு நேர்ந்ததை மகன் நினைவூட்டுகிறான் (மத்தேயு 25). தன் வீட்டாரைப் பராமரிக்காதவனைக் குறித்துப் பவுல் எழுதிய கடுமையான வார்த்தையைத் தகப்பனார் நினைவூட்டுகிறார் (1 தீமோத்தேயு 5:8). இரண்டும் வேத வாக்கியங்களே. ஆனாலும் கவனித்துப் பாருங்கள்: இருவரும் ஒரே படியால்தான் அளக்கிறார்கள். தாலந்து பணமானால்தான் அதற்கு மதிப்பு என்று மகன் நினைக்கிறான். பணமாகாததால் அது வீண் என்று தகப்பனார் நினைக்கிறார். அந்தப் படியே பிழையானது என்பது என் கருத்து. உவமையில் தாலந்துகள் எஜமானுடையவை. ஊழியக்காரனின் கனவு அங்கே பேசப்படவில்லை. எஜமானுடையதை அவன் எப்படிக் கையாண்டான் என்பதே பேசப்படுகிறது. நம் விருப்பங்களில் சிலவற்றைத் தொழிலாக்கலாம். சிலவற்றைத் தொழிலாக்காமல் காப்பதே நலம். எது எது என்று பகுத்தறிவதற்கு ஞானம் வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரு விசுவாசி

இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை சொன்ன ஒருவர் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் உண்டு. அவர் ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்; அங்கேயே வயலின் வாசிக்கவும் கற்றுக்கொண்டார். பின்பு தஞ்சாவூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். இதுவே அவருடைய சம்பள வேலை.

அவருடைய மனமோ வேறு இரண்டு காரியங்களில் ஊன்றியிருந்தது. ஒன்று சித்த மருத்துவம், மற்றொன்று இசை. பள்ளி வேலை போக மீந்த நேரத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து வந்தார். மருந்தைத் தேடி வருகிறவர்கள் பெருகினார்கள். சில ஆண்டுகள் இரண்டையும் சேர்த்தே சுமந்த பின்புதான், 1890இல் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அவருடைய மருந்துகள் தமிழ்நாட்டுக்கு வெளியிலும் பெயர் பெற்றன. தஞ்சாவூருக்கு வெளியே அவர் நிலம் வாங்கி அமைத்த பண்ணையை மக்கள் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள்.

இசையை அவர் என்ன செய்தார்? அதைப் பிழைப்பாக்கிக்கொள்ளவில்லை. மருத்துவத்தில் ஈட்டியதை இசைக்குச் செலவிட்டார். 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்து, தம் சொந்தப் பொருளில் இசை மாநாடுகளை நடத்தினார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் பங்கேற்றுத் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். 1917இல், ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரியும் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். 1919இல் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும், தமிழிசையை ஆராய்கிறவர்கள் அந்நூலைத் தாண்டிப் போக முடிவதில்லை.

பிரியமானவர்களே, ஒரே மனிதரிடத்தில் இரண்டு விருப்பங்கள் இருந்தன. ஒன்று வீட்டைத் தாங்கியது. மற்றொன்றை வீடு தாங்கியது. மருத்துவத்தை நாடி வருகிற நோயாளி இருந்தான். அவனுடைய தேவையே அதைத் தொழிலாக்கிற்று. பல ஆண்டு உழைப்பைக் கேட்கிற ஆராய்ச்சிக்கோ வாங்குவோர் ஏது? வீட்டுச் செலவுக்கு இசையையே நம்பியிருந்தால், கேட்பவர் விரும்பியதை மட்டும் வாசித்துக் காலம் தள்ள நேர்ந்திருக்கும். அதை விற்கத் தேவையில்லாதிருந்ததே அந்த நூலுக்கு வழி திறந்தது.

சவுலின் கையில் ஈட்டி

வேதத்தில் தாவீதைப் பாருங்கள். அவன் ஆடு மேய்க்கிறவன். சுரமண்டலம் வாசிக்க அறிந்தவன். அந்தக் கைத்திறனே அவனை அரண்மனைக்கு அழைத்துச் சென்றது. அவன் வாசித்தபோது சவுலுக்கு ஆறுதல் கிடைத்தது. இன்றைய மொழியில் சொன்னால் அவனுக்குக் கனவு வேலை அமைந்துவிட்டது.

ஆனால் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, அரண்மனைக்குப் போன தாவீது, பெத்லகேமுக்குத் திரும்பிவந்து தகப்பனுடைய ஆடுகளையும் மேய்த்து வந்தான் (1 சாமுவேல் 17:15). புதிய வேலை கிடைத்தவுடன் பழைய பொறுப்பை உதறிவிடவில்லை. இரண்டாவது, எந்த அறையில் தாவீது வாசித்தானோ, அதே அறையில் சவுல் அவன்மேல் ஈட்டியை எறிந்தான் (1 சாமுவேல் 18:10-11). வயல்வெளியில் வாசித்தபோது கேட்டவை ஆடுகள். அவை குறை சொல்லவில்லை. அரண்மனையில் கேட்டவன் கையில் ஈட்டி இருந்தது.

விருப்பம் தொழிலாகும்போது, கேட்கிறவர் கையில் ஏதோ ஓர் ஈட்டி வந்துவிடுகிறது. ஆல்பம் பிடிக்கவில்லை என்று பாக்கிப் பணத்தை இழுத்தடிக்கிற வாடிக்கையாளர் இருப்பார். நேற்றுச் சொன்ன கேக்கின் நிறத்தை இன்று இரவு மாற்றச் சொல்கிறவர் இருப்பார். அதற்காகத் தாவீது சுரமண்டலத்தை வெறுத்துவிடவில்லை. வனாந்தரத்திலும் அவன் பாடினான். ஈட்டிக்கு விலகி, பாட்டைக் காத்துக்கொண்டான். உன் விருப்பத்துக்கும் அந்தப் பலம் உண்டா என்று முன்னதாகவே அறிந்துகொள்.

கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள்

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14:28). கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. வாலிபரே, இந்த நான்கையும் ஜெபத்தோடு கேட்டுப்பாருங்கள்.

1. இது யாருடைய தேவை? கைகளினால் பாடுபடுவதன் நோக்கத்தில், குறைவுள்ளவனுக்குக் கொடுப்பதையும் பவுல் சேர்க்கிறார் (எபேசியர் 4:28). வேலை என்பது பிறனை நோக்கியது. உன் கைவேலையைப் பாராட்டுகிறவர்கள் பலர் இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கி, இரண்டாம் முறையும் தேடி வருகிறவர்கள் எத்தனை பேர்?

2. வெறுமையான மாதங்களை யார் சுமப்பது? திருமணப் புகைப்படத் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடக்கும். லெந்து நாட்களில் நம்மவர் திருமணம் வைப்பதில்லை. கேமராவுக்கு வாங்கிய கடனின் தவணையோ எந்த மாதத்தையும் விடுவதில்லை. அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய கேமராவானால், அந்தச் சுமை உன்னுடையது மட்டுமல்ல.

3. பிடிக்காத பகுதியையும் செய்வாயா? கேக் செய்வது இன்பம். ஆனால் அதை விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கணக்கு எழுத வேண்டும். வெண்ணெய் விலை ஏறும்போது விலையை உயர்த்தவும் கடன் கேட்பவரிடம் இல்லை என்று சொல்லவும் தெரிய வேண்டும். தொழிலாகிவிட்டால் அடுப்பில் நிற்கிற நேரத்தோடு இவையும் சேர்ந்தே வரும்.

4. ஆராதனைக்கு என்ன ஆகும்? சபையில் கீபோர்டு வாசித்துப் பழகிய பிள்ளை, கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கத் தொடங்கினால் அழைப்புகள் ஞாயிற்றுக்கிழமையிலேயே குவியும். அதை முன்கூட்டியே தீர்மானிக்காதவனுக்கு, பணமே தீர்மானித்துக் கொடுத்துவிடும்.

இந்நான்குக்கும் நல்ல பதில் உண்டானால் தைரியமாய்த் தொடங்குங்கள். அப்போதும் பண்டிதரைப் போல, இருக்கிற வேலையோடு சேர்த்துச் சில காலம் செய்து பாருங்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தார்; சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்து சேர்ந்தபோது வசனத்தைப் போதிப்பதில் முழுமையாய் ஈடுபட்டார் (அப்போஸ்தலர் 18:3-5). அவருடைய அழைப்பு ஒன்றே. கைவேலையோ காலத்துக்குத் தக்கபடி கூடியும் குறைந்தும் அந்த அழைப்பைத் தாங்கியது.

விற்கப்படாததும் வீணல்ல

பதில் சாதகமாக இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. விருப்பத்தைத் தொழிலாக்க முடியவில்லை என்பதற்காக அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள். நம் வட்டாரத்து மண்ணையே சாட்சியாகக் கூப்பிடுகிறேன். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் பாறைகளில் கல்லாகிப்போன கடற்சிப்பிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். இன்று உலகின் பல பாகங்களிலிருந்து ஆய்வாளர்கள் இவற்றைக் காண வருகிறார்கள். 1840களில் இப்படிப்பட்ட புதைபடிவங்களைத் திருச்சிராப்பள்ளி, விருத்தாசலம், புதுச்சேரி வட்டாரங்களில் சேகரித்தவர்களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் முக்கியமானவர்கள். அவர்கள் சென்னை மாகாணத்து அரசு அதிகாரிகள். சம்பளம் அரசுப் பணிக்கு. கல் பொறுக்கியது விருப்பத்துக்கு. அவர்கள் அனுப்பியவற்றை எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846இல் விவரித்து வெளியிட்டார். ஊதியம் தராத விருப்பமும் நெடுங்காலம் நிற்கும்.

ஷிப்டு முடிந்து வந்து மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற சகோதரனே, நீ தாலந்தைப் புதைத்தவன் அல்ல. எஜமான் கணக்குக் கேட்கும் நாளில் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லமாட்டார்.

கனவே காணக் கூடாத வேலையில் இருக்கிறோம் என்று பெருமூச்சு விடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. எதைச் செய்தாலும் மனிதருக்கென்று அல்ல, கர்த்தருக்கென்று மனமாரச் செய்யும்படி பவுல் யாருக்கு எழுதினார் தெரியுமா? அடிமைகளுக்கு (கொலோசெயர் 3:22-24). தாங்கள் தேர்ந்துகொள்ளாத வேலையை, கூலியும் இல்லாமல் செய்தவர்களுக்கு. அந்த அடிமைத்தனம் நல்லது என்பதல்ல இதன் பொருள். அவர்களுடைய அன்றாட உழைப்பையும் பரலோகம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதே பொருள். சுண்ணாம்புத் தூசியில் நின்று வேலை செய்து தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற அண்ணனின் உழைப்பும் அவருக்கு முன்பாக மறைந்ததல்ல.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "சோறு போடுமா?" என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. ஆனால் கேட்டபின் பதிலைக் கேட்கவும் காத்திருங்கள். ஓராண்டு, ஈராண்டு என்று ஒரு கால எல்லையைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேலையோடு சேர்த்து முயன்று பார்க்க இடங்கொடுங்கள். பெசலெயேலுக்குச் சித்திர வேலை செய்யும் ஞானத்தைத் தந்தவர் தேவனே (யாத்திராகமம் 31:1-5). உங்கள் வீட்டுப் பிள்ளையின் விரல்களில் இருப்பதும் அவர் தந்ததாக இருக்கலாம்.

நீங்கள் செய்யும் வேலை உங்கள் வீட்டைத் தாங்கட்டும். உங்கள் விருப்பம் பிறருக்குப் பயன்படட்டும். இரண்டும் ஒன்றாக அமைந்தால் ஸ்தோத்திரம். இரண்டாகவே இருந்தாலும் ஸ்தோத்திரம்.

ஜெபம்

அன்புள்ள ஆண்டவரே, எங்கள் கைகளில் நீர் வைத்திருக்கும் திறமைகளுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். எதைத் தொழிலாகக் கொள்வது, எதை உமக்கென்று காத்துவைப்பது என்று அறியும் ஞானத்தை எங்கள் வாலிபருக்குத் தாரும். பெற்றோருக்குப் பொறுமையைத் தாரும். விரும்பாத வேலையில் களைத்திருக்கிறவர்களை உம்முடைய சமுகத்தினால் தேற்றும். வேலை தேடி அலைகிறவர்களுக்கு வாசலைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் மூலம் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.