சுமைதாங்கிக் கல்லும் என் ட்ரைபாடும்

ட்ரைபாட் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது எடையைத்தான். "சார், இது கார்பன், ஒன்றரை கிலோதான். அது அலுமினியம், இரண்டு கிலோவைத் தாண்டும்." அந்த அரைக் கிலோவுக்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். என் வயதுக்காரர்கள் பலர் ஆசையாக வாங்கி வந்து, நாலு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குத் தூக்கிப் போய், ஐந்தாவது வாரம் பரணில் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் தோள் வலி, முதுகு வலி என்பார்கள். சில மாதத்தில் கேமராவும் பரணுக்குப் போகும். அப்புறம் காலை நடையும் நின்றுவிடும். எனக்குக் கவலை அந்தக் கடைசி விஷயம்தான்.

வலிக்கு எடை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. சுமை உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, அதை எப்படி ஏற்றுகிறோம், எப்படி இறக்குகிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் நில அளவை வேலையில் காலம் தள்ளியவன். எங்கள் மரக்கால் ட்ரைபாட் ஐந்து கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கி நடந்த செயின்மேன்கள் எடையைக் குறை சொல்லி அதிகம் கேட்டதில்லை. ஏற்றிவிட ஆள் இல்லை என்றுதான் குறைப்பட்டுக்கொள்வார்கள். அவர்களிடம் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகுதான் ட்ரைபாடைத் தோளில் சாய்ப்பார்கள். இரண்டு, மூன்று கால்களையும் சேர்த்து வாரால் இறுக்கி, கூர்முனை முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிடிப்பார்கள்.

அந்தத் தொழிலின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1802-ல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அளவையைத் தொடங்கினார். அவருடைய பெரிய தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை. ஆட்கள் அதைக் காடு மேடெல்லாம் சுமந்து போனார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி ஏற்றும்போதுதான் கயிறு நழுவி, கருவி சுவரில் மோதிச் சேதமானது. நடந்த தூரத்தில் தாக்குப்பிடித்த கருவி, ஏற்றுகிற நேரத்தில் அடிபட்டது. நம் முதுகும் அப்படித்தான். ஒரு மணி நேரம் சுமந்தபோது வலிக்காத முதுகு, தரையில் வைத்த பையைக் குனிந்து எடுக்கும் அந்த ஒரு நொடியில் பிடித்துக்கொள்ளும்.

இனி ஒவ்வொரு முறையாகப் பார்ப்போம்.

கையில் பிடித்து நடப்பது பத்து நிமிடத்துக்குச் சரி. அதற்கு மேல் என்றால் கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கால் குழாய்களில் ஏசி மெக்கானிக்குகள் சுற்றும் கறுப்பு ஃபோம் குழாயை வெட்டி மாட்டுங்கள். பிடி பருமனாகும், வெயிலில் உலோகம் சுடாது, தோளில் வைத்தாலும் எலும்பில் உறுத்தாது. செலவும் அதிகமில்லை.

கேமராவோடு சேர்த்துத் தோளில் சாய்த்து நடப்பதைப் பறவை பார்க்க வரும் இளைஞர்கள் நிறையச் செய்கிறார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் விலை உயர்ந்த பொருள் முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரே ஒரு திருகை நம்பித் தொங்குகிறது. திரும்பும்போது பக்கத்தில் வருபவர் முகத்தில் இடிக்கவும் இடிக்கும். விடிகாலைக் காசிமேட்டில், தலையில் மீன் கூடையோடு வேகமாக வரும் அம்மாக்களுக்கு நடுவே இப்படிப் போனால் நல்ல வசவு கிடைக்கும், அது நியாயமும்கூட. அங்கே கால்களை மடக்கி, நெஞ்சோடு சேர்த்துச் செங்குத்தாகப் பிடித்துப் போவதுதான் மரியாதை.

வார் போட்டு மாட்டுவது நல்ல முறை, இரண்டு இடத்தில் கட்டினால். ஒரே இடத்தில் கட்டினால் ஊஞ்சல் போல ஆடி, ஒவ்வொரு அடிக்கும் இடுப்பில் இடிக்கும். ட்ரைபாடை ஒரு விரலில் கிடையாக வைத்து எந்த இடத்தில் சமமாக நிற்கிறது என்று பாருங்கள். தலைப்பக்கம் கனம் என்பதால் நடுவை விட்டுச் சற்று மேலே இருக்கும். அந்த இடத்துக்கு இரு பக்கமும் வாரைக் கட்டி, மார்புக்குக் குறுக்கே போட்டு முதுகோடு ஒட்டவிடுங்கள்.

முதுகுப்பை என்றால் இடுப்புப் பட்டை கட்டாயம். தோள் பட்டை சுமையை முதுகோடு ஒட்டி வைக்கத்தான். பெரும்பங்கு எடையை இடுப்பெலும்பு வாங்க வேண்டும். பக்கவாட்டுப் பையில் ட்ரைபாடைச் செருகினால் எதிர்ப் பக்கம் தண்ணீர் பாட்டிலை வையுங்கள். நடுவில் கட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சும்மாடு கட்டிக் கூடை சுமக்கிற பெண்களுக்குத் தெரிந்த கணக்குதான். 1986-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஒன்று, கென்யாவின் லுவோ பெண்கள் தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்து நடந்தாலும் கூடுதல் சக்தி செலவாவதில்லை என்று அளந்து காட்டியது. சிறு வயதிலிருந்து வந்த பழக்கம் அது. நாம் ட்ரைபாடைத் தலையில் வைக்கப் போவதில்லை. சுமை உடம்பின் நடுக்கோட்டோடு ஒட்டி இருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் போதும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு என் சிபாரிசு ஒற்றைக்கால் மோனோபாட். நடக்கும்போது ஊன்றுகோல், படம் எடுக்கும்போது தாங்கி. சுமையே நமக்குத் துணையாகிவிடுகிறது. கை தொங்கும்போது மணிக்கட்டு வரும் உயரத்துக்குப் பிடியை வையுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு பூட்டும் இறுகி இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அது தடி மாதிரி இருக்கிறதே தவிர, முழு எடையையும் சாய்க்கச் செய்ததல்ல. நிஜமாகவே தள்ளாடுகிறவர்கள் ஊன்றுகோலைத்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது இறக்கி வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம் பழைய பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் இருக்கும். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல், நெஞ்சு உயரத்துக்கு. தலைச்சுமைக்காரர் யார் உதவியும் இல்லாமல், குனியாமல் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு போகலாம். பிரசவத்துக்கு முன் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுகிற வழக்கமும் உண்டு. சுமப்பவருக்கு இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் என்று எண்ணிய சமூகம் நம்முடையது.

இன்று மாதவரத்தில் தேடிப் பாருங்கள். பால் பண்ணைப் பக்கம் மெட்ரோ வேலைத் தடுப்புகள், 200 அடி சாலையில் கன்டெய்னர் லாரிகள், ஏரிக்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டிய தாழ்வான திட்டுகள். இடுப்பு உயரத்தில் ஒரு பையை வைக்க இடம் கிடையாது. தரையில் வைத்தால் குனிய வேண்டும். குனிய முடியாதவர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.

சென்னையில் பல ஏரிகளைச் சீரமைத்து நடைபாதை போடுகிறார்கள். வண்ண விளக்கும் செல்ஃபி பாயின்ட்டும் வைக்கிற கையோடு, சில நூறு அடிக்கு ஒன்றாக மூன்றடி உயரத்தில் ஒரு கல் மேடை வைக்கட்டும். கேமராக்காரனுக்கு மட்டும் இல்லை. காய்கறிப் பையோடு வரும் அம்மாவுக்கு, பேரனைத் தூக்கி வரும் தாத்தாவுக்கு, கூடைக்காரிக்கு, எல்லோருக்கும் அது உதவும். அந்தக் கல்லின் மேல் ஒரு மணல் பையை வைத்தால் ட்ரைபாடே வேண்டியதில்லை என்பது எங்களுக்குக் கூடுதல் லாபம்.

கல் வரும் வரை நாமே வழி செய்துகொள்ள வேண்டியதுதான். கைப்பிடிச் சுவர், பைக் சீட், டீக்கடை மேசை என்று இடுப்பு உயரத்தில் எது கிடைத்தாலும் அதில் வைத்தே பையை ஏற்றுங்கள், அதிலேயே இறக்குங்கள். கூட வருகிறவர் இருந்தால் "கொஞ்சம் தூக்கி விடுப்பா" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பரணில் ட்ரைபாட் வைத்திருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து, இரண்டு இடத்தில் வார் கட்டி, தெருக்கோடி வரை நடந்து பாருங்கள். வலித்தால் எந்த இடத்தில் வலித்தது என்று எனக்கு எழுதுங்கள்.