போன் தண்ணீரில் விழுந்துவிட்டால்...

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீடுகளுக்குக் கவலையும் பிறந்துவிடும். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் ஈரம் கசியும். பட்டு இழை நமுத்துப் போகும். இத்தனை கவலையோடு இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. மழை தொடங்கியதிலிருந்து, "அக்கா, போன் தண்ணியில விழுந்துடுச்சு, என்ன செய்யறது?" என்று யாராவது ஒருத்தர் வாசலில் வந்து நிற்கிறார்கள். கிணற்றடி, துவைக்கிற கல், குழந்தையைக் குளிப்பாட்டுகிற அண்டா, இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தால் வாளி... விழாத இடமே இல்லை போங்கள்!

எங்கள் தெருவில் ஒரு பெண். கணவர் தறியில் உட்காருவார், ஆர்டர் பிடிப்பதும் கணக்குப் பார்ப்பதும் அவள். எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். தீபாவளிக்கு முன்பு ஒரு முகூர்த்தப் புடவை ஆர்டர். அரக்கு உடலுக்கு எந்த மஞ்சளில் கரை வேண்டும் என்று பெண் வீட்டார் அனுப்பிய படம் அந்தப் போனில்தான் இருந்தது. மறுநாள் நூல் சாயத்துக்குப் போக வேண்டும். அன்றைக்குப் பார்த்துப் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது.

பாவம், அவள் என்ன செய்தாள்? எடுத்துத் துடைத்தாள். "ஆன் ஆகுதா பார்ப்போம்" என்று பட்டனை அமுக்கினாள். ஆயிற்று! சந்தோஷத்தோடு அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். சாயங்காலம் எடுத்துச் சார்ஜரில் போட்டாள். ராத்திரி எட்டு மணிக்குப் போன் கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து காட்டினார், உள்ளே பலகையில் பச்சைப் பசேலென்று பூத்திருந்தது.

பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறுகிறதல்லவா? இதுவும் அந்த ஜாதிதான். கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்தத் தண்ணீர் வழியாக மின்சாரம் போகக்கூடாத இடத்துக்கெல்லாம் போகும், தாமிரத்தை அரித்துவிடும். குத்துவிளக்கில் மாசக் கணக்கில் நடப்பது, கரண்ட் ஓடுகிற போனில் மணிக் கணக்கில் நடந்து முடிந்துவிடும். ஆகவே போன் நனைந்ததும் முதல் வேலை, மின்சாரத்தை நிறுத்துவது. ஆனாகி இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். தானாக அணைந்து போயிருந்தால் "உயிர் இருக்கா" என்று அமுக்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள். சார்ஜரில் இருக்கும்போது நனைந்ததென்றால், ஈரக் கையோடு ஒயரைப் பிடுங்க வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு, முதலில் சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள், பிறகு ஒயர்.

அப்புறம் கவரைக் கழற்றி, பழைய வேஷ்டித் துணியால் மேலெல்லாம் ஒற்றி எடுங்கள். வெளிப்புறம் நன்றாகக் காய்ந்த பிறகே சிம் தட்டை வெளியே இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கும். சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், உள்ளே நிற்கிற துளிகள் இறங்கும். உதறக்கூடாது. ஓட்டைக்குள் பஞ்சு, ஊக்கு, தீக்குச்சி எதையும் விடக்கூடாது. வாயால் ஊதினால் ஈரம் இன்னும் உள்ளே போகும். பிறகு ஃபேன் காற்று படுகிற இடத்தில் நிறுத்தி வைத்து, குறைந்தது ஒரு முழு நாள், அடைமழைக் காலமானால் இரண்டு நாள், தொடாமல் விட்டுவிடுங்கள். வெயிலில் வைப்பது, அடுப்புப் பக்கம் வைப்பது, தலைமுடி காயவைக்கிற டிரையரைக் காட்டுவது, மூன்றும் கூடாது. சூட்டில் பேட்டரி கெடும், ஓரத்துப் பசையும் இளகிவிடும்.

அரிசியை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்று கேட்பீர்கள். உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்போமே, அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். போனுக்குள் தகட்டுக்கு அடியில் நிற்கிற தண்ணீரை அது எப்படி இழுக்கும்? மூடிய டப்பாவில் காற்றோட்டமும் கிடையாது. போதாக்குறைக்கு அரிசிக் குருணையும் மாவும் சார்ஜ் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஆப்பிள் கம்பெனியே, போனை அரிசிப் பையில் போடாதீர்கள் என்று தன் குறிப்பில் எழுதியிருப்பது 2024-ஆம் வருஷம் பெரிய செய்தியாக அடிபட்டது. அரிசியைச் சோறாக்கிச் சாப்பிடுவோம், அதுதான் அதற்கு மரியாதை!

"என் போன் தண்ணி புகாத போன்" என்று சில பெண்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். பெட்டியில் ஐ.பி. 67, ஐ.பி. 68 என்று போட்டிருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கூடுதல், எவ்வளவு என்பதைக் கம்பெனி சொல்லும். ஆனால் இதெல்லாம் புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்த கணக்கு. இரண்டு தடவை கீழே விழுந்து, கண்ணாடி மாற்றிய போனுக்கு அந்த எண்ணை நம்பக்கூடாது. எங்கள் வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் திருக்குளத்துக்கு அடியிலிருந்து அத்தி வரதர் 1979-க்கு அப்புறம் 2019-இல்தான் எழுந்தருளினார். நாற்பது வருஷம் தண்ணீருக்குள் இருக்க அவரால் முடியும், நம் கைப்போனால் முடியாது!

விழுந்தது ரசத்திலோ, சோப்புத் தண்ணீரிலோ, மாமல்லபுரம் கடலிலோ என்றால் விஷயம் வேறு. உப்பும் புளியும் காய்ந்த பிறகும் உள்ளே உட்கார்ந்து அரிக்கும். அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலே துடைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள். எதில் விழுந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். திறந்து ஸ்பிரிட் போட்டுச் சுத்தம் செய்வார்கள். "தண்ணியே படலை" என்று சாதித்தும் பிரயோஜனமில்லை. உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் பட்டை இருக்கும், தண்ணீர் பட்டால் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். நீரால் கெட்டதற்குப் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. கடையில் கொடுக்கும் முன் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்புகிற ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

முகூர்த்தப் புடவை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? சிம்மைக் கணவருடைய பட்டன் போனில் போட்டாள். பெண்ணின் அம்மா நம்பர் எதிலும் எழுதி வைக்கவில்லை, ஆகவே அழைப்புக்காகக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மூன்றாம் நாள் அவர்களே, "என்னம்மா, மெசேஜ் பார்க்கவேயில்லையே?" என்று கூப்பிட்டார்கள். படம் கொழுந்தனார் போனுக்கு மறுபடி வந்தது, சாயமும் ஏறியது. மூன்று மாதக் கணக்கும், சேர்த்து வைத்திருந்த முந்தி டிசைன் படங்களும் போனது போனதுதான். இப்போது பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஆர்டர்காரர் நம்பரெல்லாம் எழுதுகிறாள். வாட்ஸ்அப்பில் 'பேக்கப்' போட்டுக் கொடுத்தது பத்தாம் வகுப்பு படிக்கிற மகள். யு.பி.ஐ.யைப் புதுப் போனில் திரும்பப் பதிய வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு போனை மாற்றினால் முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. நூல் கடைக்குப் பணம் கட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று, இது உடம்பைப் பற்றியது. நனைந்த போன் காய்ந்து வேலை செய்தாலும் இரண்டு வாரம் கவனியுங்கள். பின்பக்கம் உப்பினாலும், கை பொறுக்காமல் சுட்டாலும், ஏதோ ரசாயன வாடை அடித்தாலும் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரி தீப்பிடிக்கும். தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பேட்டரியைக் குத்தியோ அமுக்கியோ பார்க்காமல், குப்பைத் தொட்டியில் போடாமல், தகர டப்பாவில் தனியாக வைத்து, ரிப்பேர் கடையிலோ மின்னணுக் கழிவு வாங்குகிறவரிடமோ சேர்த்துவிடுங்கள்.