காதுக்கு உண்டு, மூக்குக்கு இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் நடத்தை விதிகளில் நகைக்கென்று ஒரு பிரிவு இருந்தது. காது மடலுக்கு ஒன்றாக எளிய வட்டத் தோடு போடலாம், இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், கைக்கடிகாரம் கட்டலாம், வேறு நகை கூடாது. 2004 செப்டம்பர் விடுமுறையில் அந்தப் பள்ளி மாணவி ஒருத்திக்கு மூக்குக் குத்திச் சிறிய தங்க மூக்குத்தி போட்டார்கள். அக்டோபரில் பள்ளி திறந்ததும், விதிமீறல் என்றது நிர்வாகம். தாயார் எழுத்தில் விளக்கம் கொடுத்தார். தங்களுடையது தென்னிந்தியக் குடும்பம். பெண் பருவமெய்தினால் மூக்குக் குத்துவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். பதினாறு வயது நிறைந்ததும் பாட்டி தங்கத்தை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டுச் சடங்கு செய்து ஆசீர்வதிப்பார். இது அழகுக்காகப் போட்டதல்ல என்றார். பள்ளி ஏற்கவில்லை. சமத்துவ நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, உயர் நீதிமன்றம் மாணவியின் பக்கம் நின்றது. கடைசியில் 2007 அக்டோபர் 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், அவளுக்கு விலக்குத் தர மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பியஸ் லங்கா. அந்தக் குடும்பத்தின் பெயரால் பிள்ளை வழக்கு என்று சட்ட உலகம் அறியும் இந்த வழக்கிலிருந்து நம் பள்ளிகளும் நீதிமன்றங்களும் கற்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரு பிள்ளையின் வழக்கத்தைப் பார்த்ததும் எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பது.

மூக்குத்தி என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. டர்பனில் அதற்கு விளக்கக் கடிதம் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று முதல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலில் இறக்கியது. அடுத்த அரை நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோருக்கு இன்று ஆங்கிலமே வீட்டு மொழி. மொழி தேய்ந்த வீட்டில் மூத்தவர்களை நினைவில் வைத்திருப்பவை காவடி, பொங்கல், மூக்குத்தி போன்றவைதாம். பள்ளி நேரத்தில் மட்டும் கழற்றி வைத்தால் என்ன என்று கேட்பது எளிது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகி வைத்த வீடுகளுக்குத் தெரியும், மூக்குத்தி காலையில் கழற்றி மாலையில் மாட்டும் நகை அல்ல என்று. நாளின் பெரும்பகுதி கழற்றி வைக்கச் சொல்வதே அந்த அடையாளத்தை மறுப்பதுதான் என்று நீதிமன்றமும் கண்டது.

விதி எல்லோருக்கும் பொது, இதில் பாகுபாடு எங்கே என்பது பள்ளியின் வாதம். விதியை இன்னொரு முறை படித்தால் பதில் அதிலேயே இருக்கிறது. காதில் தங்கப் பொட்டு போட்டால் ஒழுங்கு. அதே தங்கப் பொட்டு மூக்கில் இருந்தால் ஒழுங்கீனம். பொன்னும் அதே, அளவும் ஏறக்குறைய அதே. விதியை எழுதியவர்களின் வீட்டுப் பெண்கள் காதில்தான் போட்டார்கள் என்பதைத் தவிர இதற்குக் காரணம் தேட முடியாது. நிறவெறி ஆட்சிக் காலத்தில் வெள்ளையருக்கென இருந்த பள்ளி அது. பெரும்பான்மையான, வரலாற்றில் சலுகை பெற்ற வழக்கத்தை இயல்பு என்று எடுத்துக்கொண்டு, மற்றவர் வழக்கத்தை விதிவிலக்கு கேட்டு நிற்க வைக்கும் விதி நடுநிலையானதல்ல என்று லங்கா காட்டினார். எந்த வகுப்பறையிலும் முதலில் உட்கார்ந்தவரின் பழக்கம் பழக்கமாகத் தெரியாது, ஒழுங்காகவே தெரியும். பின்னால் வந்தவரின் பழக்கம் மட்டுமே பழக்கமாகக் கண்ணில் படும்.

அடுத்து வந்த கேள்விதான் முக்கியமானது. மூக்குத்தி போட்டே ஆக வேண்டும் என்று இந்து மதம் சொல்கிறதா? சொல்லவில்லை, அது கட்டாயமில்லை என்பதை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் வழக்கு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அங்கே அது அந்த இடத்தில்தான் தொடங்கியது. கட்டாயமான வழக்கங்களை மட்டும் காப்போம் என்றால், மனிதர் தாமாக விரும்பி மேற்கொள்ளும் எதற்கும் பாதுகாப்பு இல்லை என்றாகிவிடும். விரும்பி ஏற்ற வழக்கத்திலும் அவருடைய அடையாளம் இருக்கிறது; அதை மறுப்பதும் அவரை மறுப்பதே. இது மதமா பண்பாடா என்ற விசாரணையையும் நீதிமன்றம் நீட்டவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன; பிரித்தெடுப்பது நீதிபதிகளின் வேலையும் அல்ல.

இந்தியாவில் நாம் வேறு பாதையில் போய்விட்டோம். சென்னை மாகாணத்தின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த ஷிரூர் மடம் வழக்கில், 1954இல், ஒரு மதத்துக்கு எது இன்றியமையாதது என்பதை அந்த மதத்தின் கொள்கைகளைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மடத்துக்கு இடம் விடும் நோக்கில் சொன்னது அது. நாளடைவில் நீதிபதிகளே சாத்திரங்களைப் புரட்டி இன்றியமையாதது எது என்று முடிவு செய்யும் வழக்கமாக அது மாறியது. உடுப்பியில் ஹிஜாப் அணிந்த மாணவியர் கல்லூரி வாசலில் தடுக்கப்பட்டபோது, 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் குர்ஆனை ஆராய்ந்து, ஹிஜாப் இஸ்லாத்தில் இன்றியமையாத வழக்கம் அல்ல என்று தீர்மானித்தது. பிள்ளை வழக்கு அந்த நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்டது. மூக்குத்தி கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளை தீர்ப்பு தங்கத்தின் எடையை வைத்து எழுதப்பட்டதல்ல. மேல்முறையீட்டில் 2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் முரண்பட்டார்கள். ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றார். சுதான்ஷு தூலியா, இன்றியமையாத வழக்கமா என்ற ஆராய்ச்சியே இங்கே தேவையற்றது, ஒரு பெண்பிள்ளையின் படிப்பைவிட அவள் தலைத்துணி பெரிதா என்பதே கேள்வி என்ற வகையில் எழுதினார்.

தூலியா நடந்த பாதை நமக்குப் புதியதல்ல. 1985 ஜூலையில் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த உடன்பிறப்புகள் மூவர் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றவர்கள் அவர்கள். தங்கள் நம்பிக்கை தடுப்பதால் பாடவில்லை, அவ்வளவுதான். 1986 ஆகஸ்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் வகுப்பில் சேர்க்கச் சொன்னது. அந்த நம்பிக்கை நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்று அவர் பார்க்கவில்லை. அது மனதார ஏற்ற நம்பிக்கையா என்று பார்த்தார். பாடாமல் நின்றதால் எந்தச் சட்டம் மீறப்பட்டது, யாருக்கு என்ன கெட்டது என்று பார்த்தார். டர்பனுக்கு இருபது ஆண்டு முன்பே சரியான கேள்வி நம் கையில் இருந்தது.

இதற்கு எழும் முதல் மறுப்பு கனமானது. தமிழ்நாட்டில் சீருடை வெறும் துணி அல்ல. காமராசர் காலம் முதல் மதிய உணவோடு சேர்ந்து அது சமத்துவத்தின் கருவி. ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒரே நிறத்தில் உட்காரட்டும் என்ற கனவை விலக்குகள் ஓட்டை போட்டுவிடாதா? சீருடையின் பயனைப் பிள்ளை தீர்ப்பும் மறுக்கவில்லை. ஆனால் விலக்கு வேறு, விதியை ஒழிப்பது வேறு. அந்த மாணவி இரண்டு ஆண்டுக்கு மேல் மூக்குத்தியோடுதான் பள்ளிக்குப் போனாள். அதனால் ஒழுங்கோ படிப்போ கெட்டதற்குப் பள்ளியால் சான்று காட்ட முடியவில்லை. நம் ஊர் அனுபவமும் அதுதான். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டு, கறுப்பு உடுத்தி, செருப்பில்லாமல் வரும் மாணவனை எத்தனையோ பள்ளிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஐயப்ப விரதம் இன்றியமையாததா என்று எந்தத் தலைமையாசிரியரும் சாத்திரம் கேட்பதில்லை. ஒரு மண்டலம் முடிந்து மாலை கழற்றியதும் அவன் சீருடைக்குத் திரும்புவான் என்று தெரியும், விட்டுவிடுகிறார். சரியான கேள்வியை நாம் அன்றாடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். நமக்குப் பழகிய நம்பிக்கைகளுக்கு மட்டும் கேட்கிறோம்.

இரண்டாவது மறுப்பு தமிழ்நாட்டுக்கே உரியது, முதலாவதைவிடக் கூர்மையானது. அடையாளத்துக்குப் பள்ளியில் இடம் கொடுங்கள் என்றால், தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் நிறம் நிறமாகக் கட்டப்படும் சாதிக் கயிறுக்கும் இடமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கயிற்றைத் தடுப்பது சரி. மனதார ஏற்றதா என்ற கேள்வி மட்டும் போதாது என்பதை அந்தக் கயிறு காட்டுகிறது. சாதிப் பெருமையும் சிலருக்கு மனதார ஏற்றதுதான். இது யாரை நோக்கிக் காட்டப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். மூக்குத்தி அந்தப் பெண்ணுக்கும் அவள் பாட்டிக்கும் இடையிலான பேச்சு. கயிறு அடுத்த பெஞ்சுக்காரனுக்கு விடும் எச்சரிக்கை. எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டும் கணக்கு. அங்கே கெடுவது இன்னொரு பிள்ளையின் பயமற்ற படிப்பு. ஆனால் இதே காரணத்தைச் சொல்லி, திருநீறும் குங்குமமும் சந்தனமும் பூசிய எல்லா நெற்றியையும் ஒரே வரியில் சேர்ப்பதை ஏற்க இயலவில்லை. ஒரு பள்ளியில் பொட்டின் நிறம் சாதிக் குறியாக ஆகியிருந்தால் அங்கே தடுக்கலாம். அதற்குச் சான்று வேண்டும். சான்றில்லாத இடத்தில் தடுப்பது, கயிற்றுக்கு அஞ்சித் திருநீற்றைத் துடைப்பதாகும்.

மூன்றாவது மறுப்பு பெண்ணுரிமையின் பக்கமிருந்து வருகிறது. பருவமெய்திய பெண்ணுக்கு மூக்குக் குத்துவது ஒரு காலத்தில் மணத்துக்குத் தயார் என்று ஊருக்கு அறிவித்த சடங்கு. அதைக் காப்பது பண்பாட்டுணர்வா, பழைய விலங்குக்குப் பாலிஷ் போடுவதா? இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பழைய பொருளை அந்தத் தாயார் மறைக்கவில்லை. பொறுப்புள்ள இளம்பெண் என்று மகளைப் பெருமைப்படுத்துவதே இன்று தங்கள் வீட்டில் அதன் பொருள் என்றார். சடங்குகள் உயிரோடு இருப்பதே பொருள் மாறித்தான். ஆயினும், பொருளைத் தாய் சொன்னால் போதுமா? அந்த மாணவியின் வாயிலிருந்தே கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று லங்கா தம் தீர்ப்பில் குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளைகளைப் பற்றிய வழக்குகளில் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுப் பெரியவர்களே பேசி முடிக்கிறார்கள் என்றார். இந்தக் குறையே மறுப்புக்கு விடை. பள்ளி காக்க வேண்டியது குடும்பத்தின் உரிமையை அல்ல, பிள்ளையின் உரிமையை. வேண்டாம் என்று ஒரு பெண் தனியாக வந்து சொன்னால், அதே பள்ளி அவள் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் அவளைக் கேட்காமலேயே விடுவிக்கிறோம் என்று வாசலை அடைத்தால், அவள் இழப்பது படிப்பை.

இன்று மூக்குத்தி, நாளை சடைமுடி, மறுநாள் பச்சை குத்தல் என்று வரிசை நீளுமே என்ற அச்சம் டர்பன் வழக்கிலும் எழுப்பப்பட்டது. உண்மையான நம்பிக்கையோடு வருபவை என்றால் வரட்டும், அது அஞ்சத்தக்க ஊர்வலம் அல்ல, பன்மையின் திருவிழா என்ற பொருளில் நீதிமன்றம் பதில் சொன்னது. அதை வெறும் பரந்த மனதாக விட்டுவிடாமல் நடைமுறையாகவும் ஆக்கியது. மாணவர், பெற்றோர், ஆசிரியர் மூவரையும் கலந்து விதிகளைத் திருத்த வேண்டும். மத, பண்பாட்டுக் காரணங்களுக்கு விலக்குக் கேட்கும் முறையை அதிலேயே எழுத வேண்டும் என்று பள்ளிக்கு உத்தரவிட்டது. நம் பள்ளிகளின் சேர்க்கைக் கையேடுகளுக்கும் இது போன்ற ஒரு பக்கம் தேவை. யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் பதில், பிள்ளையைத் தனியே கேட்டது யார், மறுத்தால் எழுத்தில் என்ன காரணம் என்று அதில் இருக்க வேண்டும். அது இருந்தால் தலைமையாசிரியரின் மனநிலைக்கும், வாசலில் திரளும் கூட்டத்தின் கூச்சலுக்கும் இடையில் ஒரு பிள்ளை நிற்க வேண்டியிராது.

அந்தத் தீர்ப்பு வந்தபோது மாணவி பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவளுக்கு இனி பயனில்லை என்று வழக்கை மூடியிருக்கலாம். நீதிபதிகள் மூடவில்லை, அதே வாசலில் அடுத்து வந்து நிற்கப்போகும் பெண்ணுக்காக எழுதினார்கள். நாம் இன்னும் ஒவ்வொரு பெண்ணும் வந்து நின்ற பிறகுதான் சாத்திரத்தைப் புரட்டுகிறோம்.