கடல் கடந்து செல்பவருக்கு எந்தக் கைத்தொலைபேசி?

சென்ற வாரம் வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சந்தித்தேன். ரொறன்ரோவிலுள்ள மகளிடம் சில மாதங்கள் தங்கப் போகிறார். "தம்பி, கொண்டு போறதுக்கு எந்த போன் நல்லது?" என்று கேட்டார். நான் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றார். "மாஸ்டர், இதுக்குள்ள எத்தனை சிம் போடலாம்?" என்று நான் திருப்பிக் கேட்டது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லுமுன் பழைய கதை ஒன்று.

2004இல் முதன்முறையாகக் கனடா சென்றபோது, கொழும்பில் நன்றாக வேலை செய்த கைத்தொலைபேசி ரொறன்ரோவில் இறங்கியதும் ஊமையாகிவிட்டது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் ஜிஎஸ்எம் சேவை 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்க, வட அமெரிக்காவில் அது 850, 1900 இல் இயங்கியது. என் கருவிக்கு அந்த அலைவரிசைகள் கேட்காது. அன்று பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த நான்கு இலக்கங்கள் மட்டுமே. ஒரு வார காலம் தொலைபேசி அட்டை வாங்கி, குளிரில் பொதுத் தொலைபேசியடியில் நின்று வீட்டுக்குப் பேசினேன். சிரமந்தான், ஆனால் ஆபத்தில்லை. அக்காலத்தில் தொலைபேசி பேசுவதற்கு மட்டுமே உரியது.

இப்போது அப்படியல்ல. வங்கி நம்மை அடையாளங் காண்பது தொலைபேசி இலக்கத்தால். வாட்ஸ்அப்பில் நாம் யார் என்பதும் அந்த இலக்கந்தான். இலக்கத்தை இழந்தவன் பாதிக் கடவுச்சீட்டை இழந்தவன் போலாவான். இது எனக்கு 2018 ஒக்டோபரில் விளங்கியது.

மனைவியும் நானும் பாரிஸில் என் தம்பி வீட்டில் தங்கியிருந்தோம். என் கருவியில் ஒரு சிம்முக்கே இடம். ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து கொழும்பு சிம்மைக் கழற்றி மனைவியின் மருந்துச் சிமிழுக்குள் வைத்துவிட்டு, பிரெஞ்சு சிம் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சூரிச்சில் நண்பர் ஒருவரின் நூல் வெளியீடு. மனைவியைப் பாரிஸில் விட்டுவிட்டுக் காலை ரயிலில் தனியே புறப்பட்டேன். 2017 ஜூனிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே ரோமிங் மேலதிகக் கட்டணம் நீக்கப்பட்டுவிட்டது என்று வாசித்திருந்தேன். நானே அதைச் செய்தியாகவும் எழுதியிருந்தேன். சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை என்பதும் தெரியாததல்ல. ஆனால் பாஸல் தாண்டியதும் இணையம் நின்றபோதுதான் அந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து யோசித்தேன். பத்திரிகைக்காரனுக்கு இது வெட்கக்கேடு.

அன்று அதிகாலை கோண்டாவிலில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது என் கொழும்பு இலக்கம் மட்டுமே. அவர் எத்தனை முறை அழைத்தார் என்று எனக்குத் தெரியாது. கழற்றி வைத்த சிம்மில் அழைப்புகளின் கணக்கு விழுவதில்லை. விழா முடிந்து நண்பரின் வீட்டில் வைஃபை கிடைத்தபோது இரவு எட்டு மணி. அக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. யாழ்ப்பாணத்தில் அப்போது இரவு பதினொன்றரை. காலையில் சத்திரசிகிச்சை, அதற்கு முற்பணம் கட்ட வேண்டும்.

பணம் என் கணக்கில் இருந்தது. கையில் வங்கியின் செயலியும் இருந்தது. தொகையை எழுதி அழுத்தினேன். 'உங்கள் கைத்தொலைபேசிக்கு அனுப்பப்பட்ட ஆறு இலக்கங்களை உள்ளிடுக' என்றது. அந்த ஆறு இலக்கங்கள் பாரிஸில் மருந்துச் சிமிழுக்குள் இருந்தன.

நண்பரின் தொலைபேசியில் மனைவியை அழைத்தேன். சிம் தட்டைத் திறக்கும் ஊசி கிடைக்காமல், அவள் தன் தோட்டைக் கழற்றி அதன் முனையால் தன் கருவியின் தட்டைத் திறந்து என் சிம்மைப் போட்டாள். கொழும்பிலிருந்து புறப்படுமுன் ரோமிங் வசதியை இயக்கி வைத்திருந்தது என் நல்ல காலம். முதல் எண் வந்து சேருமுன் அதன் நேரம் கடந்துவிட்டது. இரண்டாவதை அவசரத்தில் நான் பிழையாக எழுதினேன். மூன்றாவதில் பணம் போயிற்று. அம்மா பிழைத்தார், பிறகு தடியூன்றி நடந்தார். ஆனால் ஒரு பகலும் பாதி இரவும் அவருடைய மகன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்.

ஆகவே என் கருத்து இதுதான். வெளிநாடு செல்பவரின் கைத்தொலைபேசியில் இரண்டு இலக்கங்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஒன்றில் ஊர் சிம் உயிரோடு இருக்கட்டும். அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. வரும் அழைப்பை எடுத்தால்தான் பணம் போகும். யார் அழைத்தார் என்று பார்த்துவிட்டு வேறு வழியில் திருப்பிப் பேசலாம். மற்ற இடத்தில் போகும் நாட்டின் சிம்மையோ இசிம்மையோ போட்டுக்கொள்ளலாம். 'இசிம் வந்துவிட்டதே, இனி என்ன கவலை' என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பயணிகளுக்கு விற்கப்படும் இசிம்களில் பல இணையத்தை மட்டுமே தருகின்றன. பேசுவதற்கு இலக்கம் தருவதில்லை. அவை ஊர் சிம்முக்குத் துணையாக இருக்கலாமேயன்றி மாற்றாக முடியாது.

வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகத் தரும் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவரில் பாதிப்பேர் கையில் இருப்பது அண்ணனோ மருமகளோ கொடுத்த தொலைபேசிதான். ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்ட கருவிகளை விற்பதைக் கனடா 2017 டிசம்பரிலும் பிரித்தானியா 2021 டிசம்பரிலும் நிறுத்தின. அமெரிக்காவில் அந்தப் பூட்டு இன்னும் இருக்கிறது. அதுமட்டுமல்ல, 2022இல் வந்த ஐபோன் 14இலிருந்து அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் போடும் துவாரமே கிடையாது. இலங்கையில் இசிம் கிடைக்கிறதுதான். ஆனால் பயண வழியில் நாடுதோறும் கடையில் சிம் அட்டை வாங்கிப் போடும் பழக்கமுள்ளவருக்கு அந்த அன்பளிப்பு தொல்லையாகும்.

பழைய கருவி போதும் என்பவருக்கும் ஓர் எச்சரிக்கை. 2024 ஒக்டோபர் இறுதியில் அவுஸ்திரேலியாவில் 3ஜி வலையமைப்புகள் மூடப்பட்டன. 4ஜி வழியாக 000 என்ற அவசர இலக்கத்தை அழைக்க முடியாத கருவிகளை அங்குள்ள வலையமைப்புகள் ஏற்பதில்லை. கருவியில் 4ஜி இருப்பது மட்டும் போதாது. அழைப்பும் அதன் வழியே போக வேண்டும். மெல்பேர்னுக்குப் போகிறவர்கள் அதைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்வது நல்லது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2013 ஓகஸ்டில், ஊடகவியலாளர் கிளென் கிரீன்வால்டின் துணைவரான டேவிட் மிராண்டாவை ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம் தடுத்து வைத்துக் கருவிகளைப் பறித்தார்கள். அந்தச் சட்டப்பிரிவில் ஊடகத் தகவல்களுக்குப் போதிய பாதுகாப்பில்லை என்று 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவருக்கு அது பிந்திய ஆறுதல். கட்டுநாயக்காவில் பையைத் திறந்து காட்டிப் பழகியவர்கள் நாம். இப்போது பைக்குப் பதில் தொலைபேசியைத் திறக்கச் சொல்கிறார்கள். என்னை நம்பிப் பேசியவர்களின் பெயர்கள் அதற்குள் இருக்கின்றன. எனவே பயணத்துக்கென நான் விலை குறைந்த கருவியொன்றை வைத்திருக்கிறேன். அதில் இரண்டு சிம்கள், வீட்டாரின் இலக்கங்கள், வங்கிச் செயலி. வேறொன்றுமில்லை. தொலைந்தாலும் பறிபோனாலும் நட்டம் எனக்கு மட்டுமே.

மாஸ்டர் தன் கருவியை நீட்டினார். மகள் சென்ற வருடம் அனுப்பியது, கனடாவில் வாங்கியது. பூட்டில்லை, ஒரு சிம்மும் ஓர் இசிம்மும் போடலாம். "இது போதும், புதிசு வாங்க வேண்டாம்" என்றேன். முதலில் வங்கிக்குப் போய் எந்த இலக்கம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மறுநாள் மாலை அழைத்தார். ஏழு வருடங்களுக்கு முன் கைவிட்ட பழைய இலக்கந்தான் அங்கே இன்னும் இருந்ததாம்.